பழைய தையல்

ஜெரூஷா ஊரப்பாக்கத்தில் கணக்கு டீச்சர். மூத்தவள் கிறிஸ்டி ஆபரேஷனில் பிறந்தவள். இரண்டாவதாவது சுகப்பிரசவமாக வேண்டும் என்று ஜெரூஷாவுக்கு ஆசை. கூடுவாஞ்சேரி நர்சிங் ஹோம் டாக்டர், "தாராளமா ட்ரை பண்ணலாம்மா" என்றதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

டாக்டர் குறித்துக்கொடுத்த பிரசவ நாள் தாண்டிப்போயிற்று. வலி வரவழைக்க மாத்திரை வைத்தார்கள். முதலில் விட்டு விட்டு வந்த வலி, பிறகு மூச்சு விடவும் இடம் கொடுக்கவில்லை.

"சிஸ்டர், பழைய தையல் கிட்ட ஏதோ கிழியற மாதிரி இருக்கு."

"பிரசவ வலின்னா சும்மாவா? பொறுத்துக்கோங்க."

பொறுத்துக்கொண்டாள். திடீரென்று வலி நின்றது. அப்பாடா என்றிருந்தது. குழந்தையின் துடிப்பைத் தேடிய நர்ஸின் முகம்தான் வெளுத்துப்போனது.

கண் விழித்தபோது கணவன் ஐசக் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தான். தையல் போட்ட இடத்தில் கருப்பை பிளந்துவிட்டிருந்தது. பையன் தங்கவில்லை. அவள் உயிரைக் காப்பாற்றக் கருப்பையையும் எடுத்துவிட்டார்கள்.

அவள் எழுந்து உட்காருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

"யார் ஜாடைங்க?"

"உன்னை மாதிரியேதான்."

சபையார் வந்து, "கர்த்தருடைய சித்தம்" என்றார்கள். அவளோ, 'ஆசைப்பட்டது நான்தானே' என்று உள்ளுக்குள்ளேயே வெந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து, உடன் வேலை செய்யும் நிறைமாதக் கர்ப்பிணி தேவதர்ஷினி ஸ்டாஃப் ரூமில் சொன்னாள்: "முதல்ல எனக்கு சிசேரியன் ஆச்சுல்லக்கா, இந்த தடவை நார்மலுக்கு மாத்திரை வைக்கலாம்னு சொல்றாங்க."

அதுவரை யாரிடமும் வாய் திறக்காத ஜெரூஷா அன்று எல்லாவற்றையும் சொன்னாள். தாம்பரத்தில் வேறொரு டாக்டரிடம் அவளைக் கூட்டிப்போனாள்.

அந்த அம்மாள் நிதானமாக விளக்கினார்: "மாத்திரை கெட்டதில்லைம்மா. எத்தனையோ பேருக்கு நல்லதே பண்ணியிருக்கு. ஆனா கருப்பைல தையல் இருக்கிறவங்களுக்கு இது ஆகாது. தானா வலி வந்தா பார்ப்போம், இல்லன்னா ஆபரேஷன்."

ஜெரூஷா தனக்கு நடந்ததையும் சொல்லிவிட்டு, குனிந்துகொண்டு கேட்டாள். "என் ஆசைதான் தப்பா டாக்டர்?"

"ஆசைப்படறதுல என்னம்மா தப்பு? வைக்கக் கூடாததை வச்சது அவங்க."

ஆட்டோவில் திரும்பும்போது வாய்விட்டு அழுதாள். தேவதர்ஷினி தோளை அணைத்துக்கொண்டாள்.

தேவதர்ஷினிக்கு ஆபரேஷனில் பையன் பிறந்தான். பார்க்கப் போன ஜெரூஷாவின் மடியில் குழந்தையை வைத்தார்கள். அதன் நெற்றியைத் தடவினாள். "நல்லா இருடா ராஜா" என்றாள். குழந்தை அவள் விரலைப் பற்றியபோது மட்டும் தாங்கவில்லை. அதைத் தாயிடம் கொடுத்துவிட்டு வராந்தாவுக்கு வந்து நின்றாள்.