சில கம்பியூட்டர்களில் மட்டும் நின்றுபோன கல்யாணங்கள்

வெப்சைட் செய்கிறவனிடம் போய் அவன் செய்த வெப்சைட் எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். அவனுடைய கம்பியூட்டரில் அது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். என்னோடு இதே தொழிலில் கிடந்து உழல்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "இங்க சரியாத்தானே இருக்கு" என்று நீங்களும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருப்பீர்கள். நான் அதைப் பதுளையில், புடவைக்கடைக்கு மேலே ஒரு மாடியறையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தவன்.

என்னிடம் வந்தவர்களில் ஒருவர் தரகர் ராமையா அண்ணன். ஊவா மலைநாட்டில் தேயிலைத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிக் கல்யாணம் பேசுகிறவர். பிள்ளைகளின் படத்தைப் போனில் அனுப்பினால் அது ஊர் சுற்றுகிறது என்று பெற்றோர் பயப்பட்டதால், தனக்கென்று ஒரு வெப்சைட் வேண்டுமென்றார். பெயர் போடக்கூடாது, இலக்கம் குறித்த படமும் விவரமும் மட்டும். நானும் மஞ்சள் கரையிட்ட கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் இடப்பக்கம் படம், வலப்பக்கம் விவரம் என்று அழகாகச் செய்து கொடுத்தேன். அந்த அழகில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

மூக்கு மட்டும்

முதல் முறைப்பாடு பெரகல சந்தியிலிருந்து வந்தது. அங்கே நஸீர் நானா என்பவர் போட்டோக் கொப்பி எடுத்து, போனுக்கு ரீலோட் போட்டு ஒரு கடை நடத்துகிறார். சுற்றியுள்ள தோட்டத்துச் சனங்கள் ராமையா அண்ணனின் பக்கத்தைப் பார்க்க அவரிடம்தான் வருவார்கள். பெண் படத்தைச் சின்னப் போனில் ஆளாளுக்குப் பிடுங்கிப் பார்ப்பது பிடிக்காது. குடும்பமாக உட்கார்ந்து பெரிய திரையில் பார்க்க வேண்டும்.

படம் ரொம்பப் பெரிதாக வருகிறது என்றார் நானா. என் கம்பியூட்டரில் திறந்து பார்த்தேன். படம் அளவாக, கட்டத்துக்குள், சொன்ன இடத்தில் இருந்தது. உங்கள் பெட்டி பழையது, மவுஸில் இருக்கிற சக்கரத்தை உருட்டிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"சரி தம்பி, உருட்டுறன். ஆனா பொண்ணு பாக்க வந்த சனத்துக்கு மூக்க மட்டும் காட்டி அனுப்புறது எனக்கு ஒரு மாதிரி ஈக்குது."

ராசியான பக்கம்

அடுத்து வந்தது முறைப்பாடு அல்ல, பாராட்டு. பேக்கரி முருகேசு, மனைவியை இழந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். மாப்பிள்ளைமார் பக்கத்தில் அவருடைய படமும் இருந்தது. பதுளை டவுனில் அவரை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆனால் ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்து மட்டும் விசாரிப்புக்கு மேல் விசாரிப்பு. விசாரித்தவர்கள் எல்லோரும் அவர் எந்த அரசாங்கக் கந்தோரில் வேலை செய்கிறார் என்று கேட்டார்களாம்.

அங்கே பேக்கரியைக் கந்தோர் என்றுதான் சொல்வார்களோ என்று இருவரும் சிரித்தோம். உண்மையில் அந்த இடத்தில் நான் யோசித்திருக்க வேண்டும். அவருக்கு அடுத்த கட்டத்தில் இருந்தவர் அரசாங்க உத்தியோகத்தர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பாராட்டுகிற வாடிக்கையாளரைக் குறுக்குக் கேள்வி கேட்க யாருக்கு மனம் வரும்? போகும்போது ஒரு பை நிறைய மீன் வைத்த மாலு பணிஸ் வைத்துவிட்டுப் போனார்.

"தம்பி, நீங்க செஞ்சது ராசியான பக்கம். அதுல ஒண்ணையும் மாத்திராதீங்க."

ஜாதகம் சரியா வரல

கலைவாணி டீச்சர் நமுனுகுலப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவர். பச்சைச் சேலையில் எடுத்த படம். நல்ல பிள்ளை, நல்ல குடும்பம். ராமையா அண்ணன் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நம்பியிருந்தார். முதலில் பார்த்த வீட்டார் ஜாதகம் சரியா வரல என்றார்கள். இரண்டாவது வீட்டாரும் அதையே சொன்னார்கள். மூன்றாவது, ஹல்துமுல்லையில் ஒரு மாப்பிள்ளை. அவரும் ஆசிரியர்தான். அவருடைய படத்தைப் பார்த்து டீச்சர் தானாகவே வாயைத் திறந்து சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவையாம். அங்கிருந்தும் அதே பதில் வந்தது.

எங்கள் பக்கத்தில் பெண் வேண்டாமென்றால் ஏன் வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள். மனதில் எது இருந்தாலும் வாயில் வருவது ஜாதகம்தான். பெண் வீட்டார் மனம் நோகக்கூடாது என்கிற மரியாதை அது. ஆனால் பழுது எங்கே என்று தேடுகிறவனுக்கு அந்த மரியாதையைப் போல இடைஞ்சல் வேறில்லை. நானோ பழுது இருப்பதாகவே நினைக்கவில்லை.

டீச்சர் ஒரு சனிக்கிழமை என் மாடியறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. குடையைக் கையில் பிடித்தபடியே நின்று பேசினார்.

"அண்ணே, என் படத்தை எடுத்துருங்க. ஜாதகத்தை நம்மளால திருத்த முடியாது, படத்தையாச்சும் எடுக்கலாம்ல."

மண் சரிந்த அன்று

ராமையா அண்ணன் இன்னும் ஏழு நாள் பொறுக்கச் சொன்னதால் படத்தை எடுக்காமல் வைத்திருந்தேன். அந்தக் கிழமையில் வேறு வேலையாகப் போய்த் திரும்பும்போது பாதையில் மண் சரிந்து பஸ் பெரகலயில் நின்றுவிட்டது. மழைக்கு ஒதுங்க நஸீர் நானாவின் கடைக்குள் போனேன். அங்கே ஒரு குடும்பம் கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. திரையில் இருந்தது நான் செய்த பக்கம். ஆனால் அது நான் செய்த பக்கம் இல்லை.

மஞ்சள் கரை இல்லை, கட்டம் இல்லை. வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்துகள் மேலிருந்து கீழே வரிசையாக வடிந்துகொண்டிருந்தன. நடுவே டீச்சரின் படம் திரை கொள்ளாமல் நின்றது. நெற்றி, கண், மூக்கு, பிறகு பச்சைச் சேலை என்று நானா உருட்டிக்கொண்டே போனார். சேலைக்குக் கீழே ஒரு விவரம் வந்தது. "தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கணவர் காலமாகிவிட்டார். ஏழு வயதில் ஒரு மகள். மகளையும் ஏற்றுக்கொள்பவராக இருக்க வேண்டும்."

அது டீச்சருடைய விவரம் இல்லை. அடுத்த கட்டத்தில் இருக்க வேண்டிய, அதே நமுனுகுலப் பக்கத்து மல்லிகா அக்காவுடையது. நான் எழுதி வைத்த வரிசையில் விவரம் முன்னால், படம் பின்னால். கட்டம் இருந்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். கட்டம் போனதும் ஒவ்வொருவரின் படத்துக்குக் கீழேயும் அடுத்தவரின் விவரம் வந்துவிட்டது. பேக்கரிக்காரர் எப்படிக் கந்தோர் உத்தியோகத்தர் ஆனார் என்பதும் அப்போதுதான் விளங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் அந்தத் தாய் எழுந்துவிட்டார்.

"டீச்சருன்னு சொல்லி இப்படி ஏமாத்துறாரே தரகரு. சரி விடுங்க, நம்ம ஒண்ணும் கேக்க வேணாம், ஜாதகம் சரியா வரலன்னு சொல்லிருவோம்."

இடிக்குப் பயந்த பெட்டி

அவர்களை நிறுத்தி விளக்கினேன். நான் தரகரின் ஆள் என்பது தெரிந்ததும் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்கள். பிறகு கம்பியூட்டரோடு உட்கார்ந்தேன். இந்தப் பெட்டியில் மற்ற எதுவும் திறக்காது, உங்கட பக்கம் மட்டும்தான் திறக்கும் என்றார் நானா, பெருமையாக. திரையின் மூலையைப் பார்த்தேன். தேதி பல வருஷங்களுக்கு முந்தியதாக இருந்தது.

மலைநாட்டில் பின்னேரமானால் இடி. இடி கேட்டதும் நானா எல்லாப் ப்ளக்கையும் சுவரிலிருந்து கழற்றிவிடுவார். கரன்ட் இல்லாதபோது நேரத்தைக் காப்பாற்ற உள்ளே ஒரு சின்ன வட்ட பேட்டரி இருக்கும். அது எப்போதோ செத்துவிட்டது. அதனால் ப்ளக்கைக் கழற்றும்போதெல்லாம் கம்பியூட்டர் பழைய வருஷத்துக்கே போய்விடும். பக்கத்தின் எழுத்தும் படமும் எங்கள் சர்வரிலிருந்து ஒரு சோதனையும் இல்லாமல் வந்துவிடும். கட்டம் போடுகிற ஸ்டைல் ஃபைலை மட்டும் நான் வெளிநாட்டுச் சர்வர் ஒன்றிலிருந்து வரவழைத்திருந்தேன். அது தன் அத்தாட்சியைக் காட்டித்தான் உள்ளே வரும். அந்த அத்தாட்சி இந்த வருஷத்துக்கு உரியது. பழைய வருஷத்தில் இருக்கிற கம்பியூட்டர், இது இன்னும் செல்லுபடியாகவில்லை என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

ஹல்துமுல்லைப் பக்கத்தில் வேறு சில இடங்களிலும் போய்ப் பார்த்தேன். இடிக்குக் கழற்றுகிற, பேட்டரி செத்த பழைய பெட்டிகளில் எல்லாம் இதே கதை. ஸ்டைல் ஃபைலை எங்கள் சர்வருக்கே கொண்டுவந்து, படத்தை முன்னால் வைத்து விவரத்தைப் பின்னால் போட்டேன். நானாவின் பெட்டிக்குப் புது பேட்டரி வாங்கிக் கொடுத்தேன். இவ்வளவுதான் வேலை, ஒரு பின்னேரத்தில் முடிந்துவிட்டது. நானா திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு வடிவாவா இருந்திச்சு? நான் இது அப்படித்தான்னு நெனச்சிட்டன் தம்பி."

கதிர்காமம் போய் வந்தவர்

ராமையா அண்ணன் அன்றைக்கே ஹல்துமுல்லை வீட்டுக்குப் பேசினார். அவர்கள் உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். ஆனால் அந்த மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் பரிசம் போட்டாகிவிட்டது. டீச்சரிடம் சொல்கிற வேலையை அண்ணன் என் தலையில் கட்டினார், எனக்கும் மறுக்க வாயில்லை. பாடசாலை விட்டு அவர் வருகிற பாதையில் காத்திருந்து, பேட்டரி, தேதி, கட்டம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு டீச்சரைப் போல முழுவதையும் கேட்டு, ஓரிடத்தில் சந்தேகம்கூடக் கேட்டார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அப்ப என் ஜாதகத்துல ஒண்ணுமில்ல. எங்கம்மா தோஷம் கழியணும்னு கதிர்காமத்துக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்து தலையில முக்காட்டோட உக்காந்திருக்காங்க, அவங்ககிட்ட இதை யாருண்ணே சொல்றது?"

பிள்ளைக்காம்பரா

இத்தனை நாளும் என் வருத்தம் முழுக்க டீச்சரைப் பற்றியே இருந்தது. மல்லிகா அக்காவின் விவரம் தவறிப்போய் அவர் மேல் விழுந்துவிட்டதே என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் மல்லிகா அக்காவின் படத்துக்குக் கீழே என்ன வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றிய அன்று பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அடுத்த கட்டத்தில் இருந்தது தையல் படித்த ஒரு பிள்ளை, முதல் மணம்.

நமுனுகுலவுக்குப் பஸ் ஏறினேன். மல்லிகா அக்கா பிள்ளைக்காம்பராவில், தொட்டில்களுக்கு நடுவே இருந்தார். கொழுந்தெடுக்கப் போன தாய்மார் வருகிற நேரம் என்பதால் வாசலிலேயே நின்று பேசினோம். உங்கள் படத்தைப் பார்த்து யாராவது வந்தார்களா என்று கேட்டேன். இரண்டு வீட்டார் வந்தார்களாம். வந்து, உட்கார்ந்து, முகம் கொடுத்து நன்றாகப் பேசி, தேத்தண்ணி குடித்தார்களாம். மகள் பாடசாலை விட்டு உள்ளே வந்ததும் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்களாம். பிறகு ஜாதகம் சரியா வரல என்று சொல்லி அனுப்பினார்களாம்.

அவர்கள் பார்த்த விவரம் உங்களுடையதே இல்லை, மகள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது என்று சொன்னேன். அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். தோளில் தூங்கிய யாரோ ஒருவருடைய பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"மகள் இருக்கான்னு நான் எழுதித் தந்திருக்கேனே, அதைப் படிச்சிட்டுத்தானே வந்தாங்கன்னு நெனைச்சேன். தெரிஞ்சு வந்தவங்க பிள்ளையப் பாத்ததும் போறாங்களேன்னு, எம் புள்ள முகத்துலதான் ஏதோ குறையின்னு நெனைச்சிட்டேன் தம்பி. ரெண்டாவது ஆளுங்க போன அன்னைக்கு அவளைத் திட்டிட்டேன்."

இப்போது எந்தக் கம்பியூட்டரில் திறந்தாலும் ராமையா அண்ணனின் பக்கம் மஞ்சள் கரையோடு அழகாக வருகிறது, அவரவர் படத்துக்குப் பக்கத்தில் அவரவர் விவரம் இருக்கிறது; மல்லிகா அக்காவுடையது மட்டும் எதிலும் தெரியாது, அதை அவர் எடுக்கச் சொல்லிவிட்டார்.