புரொஃபசர் ஈபோவின் ஒரே அடி

கடலோர ஊரான செகொண்டியில் ஈபோ எஷுனுக்குத் தொழில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் என்று அவன் மனைவி அராபா மட்டும்தான் நம்பிக்கொண்டிருந்தாள். ஊர் அவனை ‘புரொஃபசர்’ என்றது. எந்தக் கல்லூரியிலும் அவன் பாடம் நடத்தியதில்லை. தினமும் காலையில் கடலோர எஃப்.எம்.முக்கு ஃபோன் போட்டு உலக்கைக் கட்சிக்காக வாதாடுவான், அவ்வளவுதான். ஃபோனுக்குக் கட்சி ரீசார்ஜ் செய்தது. அறிவுக்கு அவனே செய்துகொண்டான்.

அந்த வருஷம் அதிபர் தேர்தலில் உலக்கைக்கும் தோணிக்கும் மயிரிழைதான் வித்தியாசம். பாதிக்கு மேல் ஒரு ஓட்டு வாங்கினாலும் ஒரே அடியில் வெற்றி. யாருமே பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இரண்டு பேருக்கும் மூன்று வாரத்தில் மறுதேர்தல்.

“ஐம்பத்திமூணு சதவீதம், ஒரே அடி! எழுதி வெச்சுக்கோங்க!” என்று ரேடியோவில் முழங்குவான் ஈபோ. “சனிக்கிழமைதான் ஊரெல்லாம் சாவுச் சடங்கு, எங்க வேட்பாளர் ஒரு இழவு வீட்டையும் விடறதில்ல. அதுக்குப் பேருதான்யா வியூகம்!”

தோணிக் கட்சிக்கு இதே உத்தியோகம் பார்த்தவன் தையற்காரன் ஃபீஃபி அபைடூ. உடனே லைனில் வந்து குதிப்பான்.

“செத்தவனுக்கும் ஓட்டு உண்டுன்னு நம்புற கட்சி உங்களுதுதான், புரொஃபசர்!”

“செத்தவனைச் சுத்தி இருநூறு பேரு உயிரோட நிக்கறாண்டா, மடையா! நீ போய் ஊசியில நூலைக் கோரு!”

இந்த மகாமேதைக்குள்ளும் ஒரு பயம் இருந்தது. போன தேர்தலில் உலக்கை ஜெயித்த மறுநாள் அவன் ஆசையாக ரேடியோவுக்கு ஃபோன் போட்டான். ஒரு பாட்டைப் போட்டு லைனை வெட்டிவிட்டார்கள். ஊர்க் கட்சித் தலைவரோ ஃபோனையே எடுக்கவில்லை. ஜெயித்த கட்சிக்கு வாய் எதற்கு? நாலு வருஷம் அவன் வெறும் மெக்கானிக்காக இருந்தான். மறுபடி அப்படி ஆகிவிடுவோமோ என்பதுதான் அந்தப் பயம்.

தேர்தல் நாளன்று விரலில் மையை ஒற்றிக்கொண்டு மறைப்புக்குள் நின்றான். கைநாட்டு வைக்க வேண்டிய சீட்டில் உலக்கைக்குக் கீழே, லாந்தர் சின்னத்தில், எவனோ ஒரு பல் டாக்டர். மறுதேர்தல் வந்தால் இன்னும் மூன்று வாரம் ரேடியோ உண்டு. ஒரு ஓட்டில் குடியா முழுகிவிடும்? கட்சி எப்படியும் ஜெயிக்கத்தான் போகிறது, கொஞ்சம் நிதானமாக ஜெயிக்கட்டுமே. பல் டாக்டர் மேல் விரலை அழுத்தினான்.

சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் ஊர் முன்னிலையில் எண்ணிக்கை நடந்தது. அதிகாரி ஒவ்வொரு சீட்டையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டக் காட்ட, “உலக்கை!” “தோணி!” என்று கூட்டம் கத்தியது. நடுவில் ஒரு லாந்தர் வந்தது.

“எவன்டா அந்தப் பல்வலிக்காரன்?” என்று யாரோ கேட்க, எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவன் ஈபோ.

இன்னொரு லாந்தர் வந்தது. ஃபீஃபி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தான். வார் நன்றாகத்தான் இருந்தது. ‘அட திருட்டுப் பயலே, உனக்கும் மறுதேர்தல் வேணுமா?’ என்று நினைத்துக்கொண்டான் ஈபோ. அதோடு நிற்கவில்லை, மூன்றாவதும் வந்தது. அது யாருடையது என்று அவனுக்குப் பிடிபடவேயில்லை.

நாடு முழுக்க எண்ணி முடித்தபோது உலக்கை பாதியைத் தொடாமல் நூலிழையில் நின்றது. மறுதேர்தல் என்று அறிவித்த காலையில் கட்சித் தலைவரே ஃபோனில் வந்தார்.

“புரொஃபசர், நம்ம பூத்துலயே மூணு துரோகிங்க! இப்ப ரேடியோவில இருந்து கூப்பிடுவாங்க. கிழிச்சுத் தொங்க விடு. ரீசார்ஜ் அனுப்பிட்டேன்.”

ஈபோவுக்குத் தலைகால் புரியவில்லை. அராபா கென்கி என்னும் சோளமாவு உருண்டையோடு விற்பதற்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் மார்தட்டினான்.

“அந்த மூணாவது கழுதை யாருன்னு மட்டும் தெரியட்டும்!”

“நான்தான்.”

“நீயா? பைத்தியமாடி உனக்கு?”

“போன தடவை ஜெயிச்ச மறுநாள் ஃபோனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தியே, அந்த மூஞ்சியை நான்தானே பார்த்தேன்? ஒரு மாசம் சரியாச் சாப்பிடல நீ. இன்னொரு தடவை அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லய்யா. மூணு வாரமாவது தள்ளிப் போகட்டும்னு போட்டேன்.”

நாட்டையே தன் வாயால் ஆட்டிவைப்பதாக நினைத்திருந்தவனுக்கு, சொந்த மனைவி பரிதாபப்பட்டு ஓட்டுப் போட்டிருக்கிறாள். ஈபோவுக்குச் சுருக்கென்று தைத்தது. அழுகை வரும்போல இருந்தது. தானும் லாந்தரில்தான் விரலை வைத்ததைச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஃபோன் அடித்தது. கடலோர எஃப்.எம்.

“எடுய்யா,” என்றாள் அராபா, மீனைத் திருப்பிப் போட்டபடி. “மூணு துரோகியையும் நல்லாத் திட்டு. உன்னை மட்டும் விட்டுடாத.”