மரையின் வாயில் வைத்த கிளை

அந்தக் கிளை ஒரு விரல் நீளம்தான் இருக்கும். ஊசியிலை மரமொன்றில் ஒடித்தது. செத்துக் கிடந்த பெரிய ஆண்மானின் வாயைத் திறந்து, பல்லுக்கிடையே அதைக் குறுக்காக வைத்துவிட்டு, சுட்டவரே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். இந்த நாட்டுக்கு வந்து எத்தனையோ பார்த்துவிட்டேன். ஆனால் ஜெர்மனி என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த வாய்தான்.

எண்பத்தைந்தாம் ஆண்டு இலையுதிர்காலம் அது. வுப்பர்டாலிலிருந்து பஸ்ஸில் வெகுதூரம் போய், காட்டோரத்தில் மூடிக்கிடந்த ஒரு பழைய விடுதியில் எங்களை வைத்திருந்தார்கள். அகதிகள் தங்கும் இடத்துக்கு ஹைம் என்று பெயர். வேலை செய்ய அனுமதியில்லை, மாவட்டத்தைத் தாண்டவும் அனுமதியில்லை. சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்ப்பதுதான் உத்தியோகம். செப்டம்பர் கடைசியில் ஒரு மாலை, காட்டுக்குள்ளிருந்து ஏதோ அலறத் தொடங்கியது. கன்று போட முடியாத மாடு கத்துவதுபோல ஒரு சத்தம். கடலைப் பார்த்தே வளர்ந்த பருத்தித்துறைக்காரன் ஒருவன் பேய் என்று முடிவுகட்டி விபூதியைத் தேடினான். ஓவசியர் அண்ணை மட்டும்தான் அசையவில்லை. வன்னிக் காட்டுக்குள் றோட்டுப் போடுவித்த மனிதர் அவர். வன்னியில் பெரிய மானை மரை என்போம். “அது மரையடா. சோடி தேடிக் கத்துது. உங்களைவிட அதின்ரை நிலைமை நல்லம்” என்றார்.

மறுநாள் விடியும்போது வெடி கேட்டது. பக்கத்துக் கட்டிலில் கிடந்த என்னை இழுத்துத் தரையில் போட்டு, தன் உடம்பால் மூடிக்கொண்டு கிடந்தார் அண்ணை. ஹைம் பொறுப்பாளர் வந்து, மான்கள் கூடும் பருவம் இது, வேட்டைக்காரர் ஆண்மான்களைச் சுடுகிறார்கள் என்று விளக்கிவிட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம், வேறென்ன செய்வது. அண்ணை சிரிக்கவில்லை.

அவருக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் இருந்தது. வைகாசியில் ஊரில் நடந்த சுற்றிவளைப்பில் அவருடைய ஒரே மகனை இராணுவம் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அதே லொறியில் போய்த் தப்பி வந்த ஒருவன், சுட்டு அங்கேயே எரித்துவிட்டார்கள், கண்ணால் கண்டேன் என்று சொல்லியிருந்தான். உடல் கிடைக்கவில்லை. எட்டாம் நாள் எட்டுச் செலவும் இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் இல்லை. ஊர்க்கடையொன்றின் தொலைபேசிக்கு அண்ணை இடைக்கிடை எடுப்பார். மனைவியை அங்கே கூப்பிட்டுவிடுவார்கள். சடங்கைச் செய்யட்டுமா என்று அந்த அம்மா கேட்பதும், இவர் வேண்டாம் என்பதும்தான் அவர்கள் பேச்சு. “வாய்க்கரிசி போடேல்லை, கொள்ளி வைக்கேல்லை. பிறகு என்னெண்டு செத்தவன் எண்டுறது? ஆள் வருவான்” என்பார் எங்களிடம். அந்த அம்மாவோ வாய்விட்டு அழவும் முடியாமல், வருவான் என்று நம்பவும் முடியாமல் இருந்தார். எனக்கு அண்ணைமேல் கோபம்கூட வந்ததுண்டு. ஒரு தாயை இப்படி நடுவழியில் நிறுத்திவைக்கலாமா என்று நினைப்பேன்.

ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு காலை, அந்தப் பகுதி வனக்காவலர் ஹைமுக்கு வந்தார். நரைத்த தாடிக்காரர், முழங்கால் சரியில்லாதவர். தான் சுட்ட மான் பள்ளத்தில் விழுந்துவிட்டது, இழுத்து மேலே விட இரண்டு பேர் வர முடியுமா என்று கேட்டார். அண்ணையும் நானும் போனோம். அப்படியொரு மிருகத்தை நான் கண்டதில்லை. கொம்பெல்லாம் சேறு. கிடாய் மொச்சை நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஆனால் வயிறு மட்டும் ஒட்டிப்போயிருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாங்கள் நிற்க, அவர் அந்தக் கிளையை ஒடித்து அதன் வாயில் வைத்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் ஏன் என்று கேட்டேன். கடைசிக் கவளம், சுட்டவன் கொடுத்தே ஆகவேண்டும் என்றார். இந்தப் பருவத்தில் ஆண்மான் கத்துவதும் சண்டை போடுவதுமாகவே திரியும், வாரக்கணக்கில் புல்லில் ஒழுங்காக வாய் வைக்காது என்றும் சொன்னார். அண்ணைக்கு எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன்.

“ஆர் குடுக்கிறது? சுட்டவனோ?”

“ஓம் அண்ணை. சுட்டவர்தானாம்.”

அவர் கையிலிருந்த கயிறு நழுவியது. “மிருகத்தைச் சுட்டவன் தொப்பியைக் கழட்டிப்போட்டு வாய்க்குப் போடுறான். என்ரை பிள்ளையைச் சுட்டவங்கள் பெத்த தாயைக்கூடப் போட விடேல்லை” என்றார். பிறகு குந்தியிருந்து, அந்த ஒட்டிய வயிற்றில் கையை வைத்தார். அவர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மானுக்காக அழுகிறார் என்று வனக்காவலர் நினைத்துக்கொண்டார். தோளில் தட்டி, இது கிழட்டு மான், வருந்தவேண்டாம் என்று ஆறுதல் சொன்னார். அதை நான் அண்ணைக்குத் தமிழில் சொல்லவில்லை.

இன்று எனக்கு அவருடைய அன்றைய வயதைவிடக் கூடிவிட்டது. இலையுதிர்காலம் வந்தால் இங்கே கடைகளில் மான் இறைச்சி வைப்பார்கள். நான் அந்தப் பக்கம் போவதில்லை. காணாமற்போன பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு ஊரில் தாய்மார் இன்னும் தெருவோரத்தில் இருப்பதைத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். ஏற்றுக்கொள்ளுங்கள், மனதைத் தேற்றுங்கள் என்று அவர்களுக்குச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? அண்ணைக்கும் யாரும் சொல்லிப் புரியவைக்கவில்லை. செத்த மிருகம் ஒன்றுக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்துத்தான் அந்த மனிதர் தன் பிள்ளை போய்விட்டான் என்பதை ஒப்புக்கொண்டார்.

மானை இழுத்த மறுநாள் காலை அண்ணை என்னையும் கூட்டிக்கொண்டு கிராமத்துத் தொலைபேசிக் கூண்டுக்குப் போனார். மனைவி வந்து எடுத்ததும், சுகம்கூடக் கேட்காமல், “உம்மடை தம்பியைக் கொண்டு சடங்கைச் செய்விச்சு விடும்” என்றார். மறுமுனையில் எழுந்த ஓலம் கதவருகில் நின்ற எனக்கும் கேட்டது. அது ஓயும்வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு, பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதுபோல மெதுவாகச் சொன்னார்:

“படைக்கேக்கை முதல்லை ஒரு தேத்தண்ணி வையும். அண்டைக்கு விடிய நீர் ஊத்திக் குடுத்ததைக் குடிக்க விடாமலெல்லே கொண்டுபோனவங்கள்.”