வலப்பக்கச் சக்கரத்தின் குங்குமம்

அப்பாவின் அம்பாசிடருக்கு என்னைவிட வயது அதிகம், பிடிவாதமும் அதிகம். பிரேக்கை மிதித்தால் யோசித்துத்தான் நிற்கும். அம்மாவை வாரந்தோறும் குத்தாலத்திலிருந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் உட்கார அவளுக்குத் தெம்பில்லை. அதனால் அப்பாவும், ஒர்க்‌ஷாப் வைத்திருந்த சித்தப்பாவும் சேர்ந்து எங்கள் வாசலிலேயே முன்சக்கரங்கள் இரண்டுக்கும் புது டிஸ்க் பிரேக் மாட்டினார்கள்.

வண்டி இப்போது சட்டென்று நின்றது. ஆனால் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. எங்கள் சாலையில் இடப்பக்கம் என்றால் வாய்க்கால்.

"வண்டிக்குக் குளிக்கணும்னு ஆசை வந்திருச்சுண்ணே" என்றார் சித்தப்பா. அப்பா சிரிக்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள்.

டயரில் காற்று பார்த்தார்கள். பிரேக் குழாயில் காற்று அடைத்திருக்குமோ என்று ஆயிலைப் பீய்ச்சி வெளியேற்றினார்கள். சக்கரங்களை நேர்செய்தார்கள். என்ன செய்தும் வண்டி வாய்க்காலையே நாடியது. அம்மா கதவில் சாய்ந்து நின்றபடி, "விடுங்களேங்க, நான் பஸ்லயே போயிக்கிறேன்" என்றாள். அப்பா ஸ்பானரை எடுத்துக்கொண்டு மறுபடியும் சக்கரத்தடியில் குனிந்தார்.

கடைசியில் சித்தப்பா இரண்டு பக்கத்து பிரேக் பேடுகளையும் இடம் மாற்றிப் போட்டார். வண்டி வலப்பக்கம் இழுத்தது. "கோளாறு பேடுலதாண்ணே!" என்று கழற்றினார். முதலில் வலப்பக்கம் இருந்த பேடில் ஏதோ எண்ணெய் ஊறிச் சிவந்து கிடந்தது. வழுக்கிப்போய் அது டிஸ்க்கைச் சரியாகப் பிடிக்கவில்லை.

அப்பா முகர்ந்து பார்த்தார். நல்லெண்ணெய். வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் அம்மா பொட்டு வைக்காமல் விடமாட்டாள். வழுவழுப்பான இரும்பில் ஒட்டாதென்று குங்குமத்தை எண்ணெயில் குழைத்து, இவர்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் டிஸ்க்கில் வைத்திருக்கிறாள்.

"அண்ணி!" என்று சித்தப்பா குரல் கொடுத்ததுமே அப்பா அவர் கையைப் பிடித்தார்.

"பேடு மட்டம்னு சொல்லிடுடா."

டிஸ்க்கைப் பெட்ரோல் போட்டுத் துடைத்து, வேறு பேடுகள் வாங்கிப் போட்டார்கள். வண்டி நேராக நின்றது. அப்பா குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

இத்தனை நல்ல வேடிக்கையைச் சொல்லி அம்மாவைக் கேலி செய்யாமல் விட்டார்களே என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வலப்பக்கம் அப்பா ஓட்டும் பக்கம். அம்மா எப்போதும் உட்கார்வது இடப்பக்கம். அந்தப் பக்கத்து டிஸ்க்கில் அவள் பொட்டே வைக்கவில்லை.

சிமிழில் குங்குமம் தீர்ந்துபோயிருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.