லம்பே தீவுக்கு நரி நடந்து வந்தது

என் நாத்தனார் ஸ்டெய்ன்வரிடம் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு உண்டு. அவள் அப்பா மீன்பிடிப் படகில் போட்டிருந்தது. முழங்கையில் ஒட்டு, ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம். வசந்தத்தில் ஈடர் என்ற கடல்வாத்துகள் எங்கள் கரைக்கு எதிரே லம்பே தீவில் முட்டையிட வந்துவிட்டால் வெயில் அடித்தாலும் அதைத்தான் போட்டுக்கொள்வாள். வாத்துக்கு முகம் தெரியாது, உடுப்புதான் தெரியும் என்பாள். அந்தக் கோட்டோடு அவள் போனால் ஒரு வாத்தும் கூட்டைவிட்டு எழுந்திருக்காது. அடியில் கையை விட்டு, அது தன் மார்பிலிருந்து பிடுங்கிக் கூட்டில் பரப்பிய மென்தூவியில், மெத்தை தைக்கிறவர்களுக்கு விற்கக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, காய்ந்த புல்லைச் செருகிவிட்டு வருவாள். வேறு யாராவது போனால் கூட்டம் மொத்தமும் கடலுக்குப் போய்விடும்.

இளவயதில் அவள் தலைநகரத்தில் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். குளிர்காலம் முடியும்போது ஒருநாள் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாய் என்று ஒருமுறை கேட்டேன். “அங்க யாரும் எனக்காகக் கடல் தாண்டி வரலியே, தோரா” என்றாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடி அறை அவளுக்கு. ஆடுகளை என் கணவர் ஹால்வார் பார்த்துக்கொண்டார். லம்பே தீவும் வாத்துகளும் அவள் பொறுப்பு.

நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் தண்ணீர் வற்றும் நேரத்திலும் தீவுக்குப் படகில்தான் போனோம். பிறகு இடுப்புவரை ரப்பர் கால்சட்டை போட்டு நடந்தோம். பிறகு முழங்கால் பூட்ஸே போதும் என்றாகிவிட்டது. மலைமேல் கிடக்கும் பனிப்பாளத்திலிருந்து வரும் ஆறுகள் மணலைக் கொண்டுவந்து கொட்டுவதாக ஹால்வார் சொன்னார். எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். இலையுதிர் காலத்தில் தோண்டும் இயந்திரத்தை இரவல் வாங்கி, கரைக்கும் தீவுக்கும் நடுவிலுள்ள நீரிணையை ஆழப்படுத்துவார். அடுத்த வசந்தத்தில் அது மறுபடி ஆழம் குறைந்து கிடக்கும்.

ஒரு வருஷம், முட்டைகள் பொரிக்கும் சமயம், தண்ணீர் மிகவும் வற்றிய ஒரு மூடுபனிக் காலையில், ஹால்வார் கரையில் துப்பாக்கியோடு காவல் இருந்தும், நரி நடந்தே தீவுக்குப் போய்விட்டது. அதுவரை லம்பேயில் நரி கால் வைத்ததில்லை. அதனால்தான் வாத்துகள் அங்கே வந்தன. நாங்கள் போனபோது மஞ்சள் பூக்களுக்கு நடுவே தூவி புகைபோலப் பறந்துகொண்டிருந்தது. பல வாத்துகள் கூட்டில் உட்கார்ந்தபடியே செத்துக் கிடந்தன.

ஸ்டெய்ன்வர் ஒரு கூட்டின் முன்னால் மண்டியிட்டாள். அழவில்லை.

“ஒண்ணுகூட எழுந்து ஓடலை பாரு, தோரா. எழுந்திருக்காதேன்னு பழக்கினது யாரு? நான்தானே.”

அந்த இலையுதிர் காலத்தில் ஹால்வார் வழக்கத்தைவிட ஆழமாகத் தோண்டக் கிளம்பினார். இயந்திரத்தின் வாளி கீழே இறங்கியதுமே கிறீச் என்றது. இடம் மாற்றினார், அங்கேயும் அதே சத்தம்தான். இறங்கி, கையால் மணலைத் தள்ளிப் பார்த்தார். மணல் ஒரு சாணுக்கும் குறைவு. அதற்குக் கீழே வழவழவென்று கரும்பாறை.

“பாறையை எந்த ஆறுடா கொண்டுவந்து போட்டுச்சு?” என்று கரையிலிருந்து கேட்டாள் ஸ்டெய்ன்வர்.

“எனக்கென்ன தெரியும்! வருஷாவருஷம் தோண்டினவன் மட்டும்தான் நான், வாத்துகிட்ட போய்க் கேளு” என்று கத்தினார். வளைந்த வாளியோடு இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

எங்கள் ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால் பாறையில் துளைபோட்டு நிலவியல் ஆட்கள் ஒரு கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். கவிழ்த்த பானைபோல இருக்கும். நிலம் எவ்வளவு அசைகிறது என்று அது வானத்துச் செயற்கைக்கோளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுமாம். அதைச் சரிபார்க்க ரெஃப்னா என்ற பெண் வருவாள். அடுத்த வசந்தத்தின் தொடக்கத்தில் அவள் வந்தபோது ஸ்டெய்ன்வர் காபியை வைத்துவிட்டு நேராகக் கேட்டாள்.

“எங்க நீரிணை மேல வருதா?”

“நீரிணை, கொட்டகை, இந்த மேசை எல்லாமே மேல வருது” என்றாள் ரெஃப்னா. “வாட்னா பனிப்பாளம் கரையுது இல்லியா, அந்தப் பாரம் குறையக் குறைய நிலம் எழும்புது.”

“பனி எவ்வளவோ காலமாக் கரையுது. இவ்வளவு வேகமாவா?”

ரெஃப்னா சுற்றிப் பார்த்தாள். மூலையில் போன வருஷத்துத் தூவி ஒரு மூட்டை இருந்தது. அதில் கையை அழுத்தி எடுத்தாள். குழி உடனே மறைந்தது. “பழைய கம்பளி மெத்தை இருக்கா? அதுல அழுத்தினா?”

“எங்க மெத்தையைப் போய்ப் பாரு” என்றேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. வாய் தவறி வந்துவிட்டது. “இவர் படுத்த குழி கல்யாணத்திலேருந்து அப்படியே இருக்கு.”

ஹால்வார்கூடச் சிரித்துவிட்டார்.

“ஸ்வீடன் அந்த மெத்தை மாதிரி” என்றாள் ரெஃப்னா. “பனி போய்ப் பத்தாயிரம் வருஷம் ஆச்சு, இன்னும் மெதுவா எழும்பிக்கிட்டே இருக்கு. அங்க அடியில இருக்குற பாறை அவ்வளவு கெட்டி. இங்க பனி போன நம்ம காலத்துலயே நிலம் எழும்புது. அப்படின்னா பூமியோட மேலோடு இங்க மெல்லிசு, அதுக்குக் கீழ இருக்குறது சூடா, இளகி, சுலபமா ஓடி வந்து நிரப்புதுன்னு அர்த்தம். தூவி மாதிரியேன்னு சொல்ல மாட்டேன், புரியறதுக்காகச் சொன்னேன். அவ்வளவு ஆழத்துல யாரும் இறங்கிப் பார்த்ததில்ல. உங்க கொட்டகைப் பாறை எழும்புற வேகத்தை வச்சுத்தான் கணக்குப் போடுறோம்.”

“எப்ப நிக்கும்?”

“அடியில இளகலா இருக்கறதால, பனி கரையறது நின்னா இதுவும் கொஞ்ச காலத்துல நின்னுடும்.” ரெஃப்னா கோப்பையைப் பார்த்தாள். “பனி கரையறது நிக்கலையே, ஸ்டெய்ன்வர்.”

அவள் போனபின் ஸ்டெய்ன்வர் சன்னல் வழியே கடலைப் பார்த்தாள். தீவுக்கு அப்பால், ஆழமான நீர்த்தடத்தைத் தாண்டி, ஒரு பாறைத்திட்டு இருக்கிறது. முன்பெல்லாம் கடல்நாயின் முதுகுபோல எப்போதாவது தலைகாட்டும். இப்போது அலை ஏறினாலும் அது முழுகுவதில்லை. அதில் புல்கூட முளைத்திருந்தது.

“இங்க மேல வந்தா அங்கயும் மேல வந்திருக்கும்ல?” என்றாள். “நான் அதுங்களை அங்க மாத்தப் போறேன்.”

“வாத்து என்ன, ஆட்டுமந்தையா?” என்றார் ஹால்வார். “அது பிறந்த இடத்துக்குத்தான் வரும். நான் துப்பாக்கியோட காவல் இருக்கேன்.”

“போன வருஷமும் இருந்தே. மூடுபனியில உன் பூட்ஸே உனக்குத் தெரியலை.”

அவர் துப்பாக்கியைத் துடைக்கப் போய்விட்டார். அன்றே அவள் லம்பேயில் தானே கட்டிய கூட்டு மறைப்புகளைப் பிரிக்கத் தொடங்கினாள். பழைய டயர்கள், பலகைத் துண்டுகள், வாத்துகளுக்குப் பிடித்த, காற்றில் படபடக்கும் சிறு துணிக்கொடிகள், எல்லாவற்றையும் படகில் ஏற்றித் திட்டுக்குக் கொண்டுபோனோம். உப்புக்காற்றில் என் கை வெடித்தது. திரும்பும்போது அவள் சொன்னாள்:

“தோரா, உன் நீலக் கோட்டை எனக்குக் குடு.”

“எதுக்கு?”

“முட்டையிடறதுக்கு முன்னாடி லம்பேயிலேருந்து அதுங்களை விரட்டணும். மஞ்சளைப் போட்டுக்கிட்டு விரட்டினா இனி எந்தக் கரையிலயும் நம்பாது.” கொஞ்சம் நிறுத்தி, “மஞ்சளை நீ போட்டுக்கோ. திட்டுல போய் உக்காரு. பேசாதே, ஆடாதே. அது உனக்குச் சுலபம்தான்” என்றாள்.

மே மாதம் வாத்துகள் வந்தன. ஈரப் பாறையில், முழங்கால்வரை இறங்கிய அந்தக் கோட்டுக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். மீன் வாடையும் அவள் வியர்வை வாடையும் அடித்தன. தூரத்தில், லம்பேயில், ஒரு நீல உருவம் கையை வீசிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடியது. வாழ்நாளெல்லாம் அங்கே மெல்லப் பேசி, மெல்ல நடந்தவள் இப்போது தகரத்தைத் தட்டிக் கத்தினாள். கூட்டம் எழும்பியது, சுற்றியது, மீண்டும் அங்கேயே இறங்கியது. அவள் மறுபடி ஓடினாள். எதிர்க்கரையில் ஹால்வார் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி இருந்தார்.

பெரும்பாலானவை நீரிணையிலேயே மிதந்தன. போகவும் இல்லை, கரையேறவும் இல்லை. தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது.

ஒரு பெட்டை மட்டும் திட்டுப்பக்கம் நீந்தி வந்தது. பாறையில் ஏறி, தலையைச் சாய்த்து மஞ்சள் கோட்டைப் பார்த்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அது தத்தித் தத்தி வந்து ஒரு டயருக்குள் ஏறி, காய்ந்த புல்லை மார்பால் அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்தது.

வந்துவிட்டது என்று ஸ்டெய்ன்வருக்குக் கையசைத்துச் சொல்லவேண்டும் போலிருந்தது. அசைந்தால் அது போய்விடும். அங்கே அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள்.