வள்ளி காய்ச்சிய பால்

மாமி பால் பார்த்த கவனத்தில் பாதியைச் செலவழித்து ஊரார் மாப்பிள்ளை பார்த்திருந்தால், அந்தக் காலத்தில் அரியாலையில் எத்தனையோ பெண்கள் கண் கலங்காமல் வாழ்ந்திருப்பார்கள்.

மாமி என்றால் ஐயாவின், அதாவது என் தகப்பனாரின், மூத்த சகோதரி. ஐயாவுக்குக் கொழும்பில் வேலை, மாதம் ஒருமுறைதான் ரயிலில் வருவார். தம்பி பிறந்த மூன்றாம் மாதம் அம்மாவுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது எழுந்து நிற்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. பாலும் வற்றிப்போய்விட்டது. மாமி தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து எங்கள் சமையலையும் குசினியையும் பொறுப்பெடுத்தார். எழுபதுகளின் தொடக்கம் அது. சங்கக் கடைக்குத் தகர ரின்னில் பால்மா வந்திருக்கிறது என்று யாராவது சொல்லி நாங்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் வெறும் இறாக்கைத் தட்டுதான் மிஞ்சியிருக்கும். ஆகவே பசுப்பால் கிடைத்தால்தான் தம்பிக்கு உயிர். எனக்கு அப்போது எட்டு வயது. அது மட்டும் எனக்கு நன்றாக விளங்கியிருந்தது. விளங்காமல் போனது மற்றதெல்லாம்.

கைக்குழந்தைக்கு ஒரே பசுவின் பாலைத்தான் கொடுக்க வேண்டும் என்று நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் சொல்லியிருந்தார். மாமிக்கு அது போதும். சைக்கிளில் தகரக் கான் கட்டி வந்த பால்காரரை வேலிப் படலையிலேயே மறித்துவிட்டார்.

“பத்து மாட்டுப் பாலை ஒண்டாக் கலந்து கொண்டு வாறாய். பிள்ளையின்ரை வயித்துக்கை பத்தும் முட்டுப்படுறதுக்கே?”

பக்கத்து வீட்டுப் பாலில் ஒரு துளியைத் தொட்டுப் பெருவிரல் நகத்தில் விட்டுப் பார்த்தார். துளி வழுக்கி ஓடியது. தண்ணீர்! வாத்தியார் வீட்டுப் பால் நகத்தில் நின்றது, ஆனால் மோந்து பார்த்துவிட்டு மாட்டுக்குப் பழம் புண்ணாக்கு வைத்திருக்கிறார்கள் என்றார். இன்னொரு வீட்டில் பாலும் சரி, புண்ணாக்கும் சரி. ஆனால் பசு ஐந்தாம் கன்று போட்டதாம், பால் இளகிவிட்டதாம். இப்படி மாமி குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்த நாலு நாளும் தம்பி சீனித் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கத்தினான். ஐந்தாம் நாள் அவன் கத்துவதைக் குறைத்துக்கொண்டான். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. மாமிக்கு முகம் வெளிறிவிட்டது.

அன்றைக்குத்தான் வள்ளியின் பசுவைப் பற்றிப் பேச்சு வந்தது. கடற்கரைப் பக்கம், பனங்காணி தாண்டிப் போனால் வள்ளியின் குடிசை. தலைக்கன்று போட்ட சிவலைப் பசு. அம்மாவும் மாமியும் அறைக்குள் நெடுநேரம் குசுகுசுத்தார்கள். அந்தப் பக்கத்துச் சனம் எங்கள் வளவுக்கு வேலி அடைக்கவும் மிளகாய்த் தோட்டம் கொத்தவும் வருவார்கள். எங்கள் கிணற்றில் அள்ளமாட்டார்கள். நாங்கள் அள்ளி ஊற்றினால் கையேந்திக் குடிப்பார்கள். தேத்தண்ணியை வீட்டின் பின்புறத்தில் சிரட்டையில் வாங்கிக் குடிப்பார்கள். அவர்களுக்குச் சிரட்டையில் குடிப்பதுதான் விருப்பமாக்கும் என்று நான் நினைத்திருந்தேன். வள்ளிக்கு என் அம்மாவைவிட வயது அதிகம். ஆனால் வீட்டில் எல்லாரும், நான் உட்பட, வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம். அது முழுப் பெயர்கூட இல்லை, வள்ளியம்மை என்பதை நாங்கள் எங்கள் வசதிக்கு வெட்டி வைத்திருந்தோம் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை மாமி என்னையும் கூட்டிக்கொண்டு போய் வள்ளியின் வேலிக்கு வெளியே நின்றபடியே மாட்டை விசாரித்தார். மாட்டின் தாய் எங்கே, தகப்பன் எது, என்ன குழை தின்கிறது, உதைக்குமா, எல்லாம் கேட்டார். வள்ளி ஒவ்வொன்றுக்கும் “நாச்சியார்” என்று சேர்த்துப் பணிவாகப் பதில் சொன்னார். கடைசியில் நகத்தில் விட்ட துளி அசையாமல் நின்றது. மாடு பாஸ்.

அதன் பிறகு மாமி நிபந்தனைகளைச் சொன்னார். செம்பு எங்களுடையது. அதற்குள்தான் நேரே கறக்க வேண்டும். மடியும் கையும் கழுவ எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தலில் வரும். கறக்கிறதைப் பிள்ளை நின்று பார்க்கும்.

“பச்சைப்பாலாத்தான் தரவேணும். அடுப்பிலை கிடுப்பிலை வைச்சுப் போடாதை.”

“ஓம் நாச்சியார்.”

திரும்பி வரும்போது ஏன் காய்ச்சக் கூடாது என்று மாமியைக் கேட்டேன். காய்ச்சினால் சத்துப் போய்விடும் என்றார். சரி என்று நம்பினேன். ஆனால் அடுத்த நாள் நான் கொண்டுவந்த செம்பை வாங்கி மாமி முதல் செய்த வேலை, பாலை எங்கள் அடுப்பில் வைத்துப் பொங்கப் பொங்கக் காய்ச்சியதுதான்.

“மாமி, சத்துப் போயிடாதோ?”

“எங்கடை அடுப்பிலை வைச்சாப் போகாது. கேள்வி கேட்டது காணும், போய்ப் படி!”

எங்கள் அடுப்புக்கும் வள்ளியின் அடுப்புக்கும் என்ன வித்தியாசம் என்று கண்டுபிடிப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. தினமும் காலையில் செம்பும் போத்தலுமாகப் போய் மாட்டுக் கொட்டிலில் குந்தியிருக்கும்போதெல்லாம் வள்ளியின் அடுப்பை எட்டிப் பார்ப்பேன். மூன்று கல். எங்களுக்கும் மூன்று கல். எங்கள் அடுப்பு மெழுகியது மூன்று நாளைக்கு ஒருமுறை, வள்ளியுடையதைப் பார்த்தால் ஒவ்வொரு நாளும் மெழுகுவார் போலத் தெரிந்தது. பனம்பாளை எரிக்கிறதால் சத்துப் போகிறதோ என்று யோசித்தேன். நாங்களும் அதைத்தான் எரித்தோம். தம்பி இதற்குள் கன்னம் வைத்து, சூப்பிப் போத்தலைக் கண்டால் காலை உதைத்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தான்.

ஐப்பசி மழை அந்த வருடம் பிந்தி வந்தது, வந்ததும் ஒரேயடியாகக் கொட்டியது. வள்ளி பாலைக் கறந்து செம்பை என் கையில் தந்த நேரத்தில்தான் தொடங்கியது. விடும் விடும் என்று பார்த்தோம். பனங்காணிக்குள் வெள்ளவாய்க்கால் என் இடுப்பளவுக்கு ஓடியது. மத்தியானமும் ஆகிவிட்டது. வள்ளி வாசலுக்கும் செம்புக்குமாக நடந்தார்.

“கோதாரி பிடிச்ச மழை! பால் இனித் திரைஞ்சு போகப்போகுது. தம்பிக்கு இதை விட்டால் வேறை என்ன கிடக்கு?”

எனக்கும் அழுகை வந்துவிட்டது. ராத்திரியே வீட்டில் பால் முடிந்துவிட்டது என்று சொன்னேன். வள்ளி அடுப்பைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார், பிறகு தனக்குத்தானே கதைத்தார்.

“செம்பு அவையின்ரை. பால் மாட்டின்ரை. நான் நெருப்பு மட்டும்தானே மூட்டுறன்.”

எங்கள் செம்பையே தூக்கி மூன்று கல்லில் வைத்தார். பால் பொங்கி வந்தபோது ஊதி ஊதி அடக்கினார். சாரலில் நனைந்து நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். தகரப் பெட்டிக்குள்ளிருந்து கடதாசியில் சுற்றி வைத்திருந்த புதுப் பேணி ஒன்றை எடுத்து, எங்கள் போத்தலில் மிஞ்சியிருந்த தண்ணீரால் இரண்டு தரம் கழுவி, ஒரு மிடறு பாலை ஊற்றினார். கூடவே ஒரு துண்டு பனங்கட்டி. ஆனால் உடனே தரவில்லை.

“பிள்ளை குடிப்பீங்களோ?”

இதென்ன கேள்வி! வாங்கிக் குடித்தேன். வள்ளி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் நான் குடிப்பதைப் பார்த்தது அதற்கு முன் இல்லை. “வீட்டிலை சொல்லிப் போடாதேங்கோ” என்றார். ஏன் என்று கேட்க நினைத்தேன். வாயில் பனங்கட்டி இருந்தது.

மழை சற்றுத் தணிந்ததும் என்னை ஒரு பக்க இடுப்பில் தூக்கி, செம்பை மறு கையில் உயர்த்திப் பிடித்து, வள்ளி வாய்க்காலைக் கடந்தார். எங்கள் படலையில் என்னை இறக்கிவிட்டுச் செம்பைத் தந்தார். உள்ளே வரவில்லை. தம்பியின் அழுகை படலைக்கு வெளியே ஒழுங்கைவரை கேட்டது.

மாமி ஓடி வந்து செம்பை வாங்கினார். கையை வைத்தவர் அப்படியே நின்றார். செம்பு இன்னும் சூடாக இருந்தது. அடியைத் தடவிப் பார்த்தார், கையெல்லாம் கரி. மூடியைத் திறந்தால் மேலே ஆடை படிந்திருந்தது.

“ஆர் காய்ச்சினது?”

நான் நல்ல சமாச்சாரம் சொல்லும் குரலில் சொன்னேன். “வள்ளிதான்! பழுதாப் போகாமல் இருக்கட்டும் எண்டு காய்ச்சினவ.”

மாமி செம்போடு திரும்பினார். தேசிமரத்தடிக்குப் போனார். செம்பைக் கவிழ்த்தார். பால் மழைத் தண்ணீரோடு கலந்து வெள்ளையாக ஓடியது. உள்ளே தம்பி கத்திக்கொண்டிருந்தான். நான் திரும்பிப் பார்த்தேன். வள்ளி படலையில்தான் நின்றார். நனைந்த சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தவர், பிழிவதை நிறுத்தினார். பிறகு திரும்பி நடந்து போனார்.

அறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. “ஏன் மச்சாள் பாலை ஊத்தினனீங்கள்?”

“பழுதாப் போச்சு.”

அம்மா மேலும் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பழுதான பால் என்றால், நான் குடித்தது? வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தேன், எந்த நேரம் குத்தப்போகிறது என்று. சொன்னால் என்னையும் பிடித்துத் தேசிமரத்தடியில் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவாரோ என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. பொழுதுபடும்வரை வயிறு குத்தவில்லை. சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் குடிக்கலாம் போலத்தான் இருந்தது. தம்பி மறுபடி சீனித் தண்ணீருக்குத் திரும்பினான். போத்தலை ஒருமுறை உறிஞ்சிவிட்டு, ஏமாற்றிவிட்டீர்கள் என்பதுபோல் எல்லார் முகத்தையும் பார்த்தான். மாமி அவனைத் தோளில் போட்டு நடந்தார், நடந்தார், நடந்துகொண்டே இருந்தார்.

காலையில் மாமி செம்பைச் சாம்பலும் புளியும் போட்டு மூன்று தரம் விளக்கினார். கரி போன பிறகும் விளக்கினார். தண்ணீர்ப் போத்தலை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்து என்னிடம் தந்தார். சுவாமிக்கு வைத்திருந்த வாழைப்பழச் சீப்பையும் தந்தார்.

“வள்ளியிட்டைக் குடு. நான் தந்ததெண்டு சொல்லு.”

“வள்ளி பால் தரமாட்டன் எண்டால்?”

எப்போதும் போல் ஏசுவார் என்று நினைத்தேன். மாமி என் சட்டைத் தெறியைச் சரியாகப் பூட்டிவிட்டார். “தம்பி பசியிலை கிடக்கிறான் எண்டு சொல்லு” என்றார். குரல் மாமியுடையது மாதிரி இல்லை. ஒழுங்கை முடக்கில் திரும்பிப் பார்த்தேன். படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நேற்றுப் பாலை மண்ணில் ஊற்றியவர் இன்றைக்கு அதே பாலுக்கு ஏன் இப்படி நிற்கிறார் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

வள்ளி வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, “தம்பி ராத்திரி என்ன குடிச்சவர்?”

“சீனித் தண்ணி.”

விளக்குமாற்றை வேலியில் சாத்தினார். போத்தல் தண்ணீரால் கையையும் மடியையும் கழுவினார். வழக்கமாகக் கன்றுக்கென்று கொஞ்சம் விடுவார். அன்றைக்கு விடவில்லை. கன்று கயிற்றை இழுத்துக் கத்தக் கத்தச் செம்பு நிறையும்வரை கறந்தார். பழச் சீப்பைக் கொடுத்து மாமி தந்தது என்றேன். வாங்கினார். ஒவ்வொன்றாக உரித்து மாட்டின் வாயில் தீத்தினார்.

“பால் தந்தது அதுதானே பிள்ளை.”

செம்பை என்னிடம் நீட்டினார். பச்சைப்பால், நுரை அடங்கவில்லை.

“வள்ளி, இண்டைக்குக் காய்ச்சித் தரேல்லையோ?”

வள்ளி என்னைப் பார்க்கவில்லை. கன்றின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லைப் பிள்ளை. பச்சையாத்தான் குடுக்கிறது. காய்ச்சினாச் சத்துப் போயிடும்.”

“அப்ப நேற்று?”

“அது என்ரை பிழை.”

எனக்குத் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. மாமி சொன்னபோது அரைகுறையாக நம்பியதை வள்ளியும் சொல்லிவிட்டார். இரண்டு பெரியவர்கள் ஒரே மாதிரிச் சொன்னால் அது உண்மையாகத்தானே இருக்க வேண்டும். சிந்தாமல் இரண்டு கையாலும் செம்பைப் பிடித்துக்கொண்டு, முடிந்தளவு வேகமாக நடந்தேன். மாமி இன்னும் படலையில்தான் நின்றார். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். செம்பு நிறையத் தந்ததைச் சொன்னேன், பழத்தை மாடு தின்றதைச் சொன்னேன். கடைசியாக, மாமிக்கு மிகவும் பிடிக்கும் என்று நினைத்ததைச் சொன்னேன்.

“காய்ச்சினாச் சத்துப் போயிடுமாம் மாமி. நேற்றுக் காய்ச்சினது தன்ரை பிழையாம்.”

“அப்பிடியோ சொன்னவள்?”

“ஓம்.”

சந்தோஷப்படுவார் என்று முகத்தையே பார்த்தேன். மாமி செம்போடு போய்க் குசினி வாசல்படியில் இருந்துவிட்டார். பால் மடியில் இருந்தது, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, தம்பி சிணுங்கத் தொடங்கியிருந்தான். மாமி எழும்பவில்லை. பெருவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

விடியற்காலையிலிருந்து படலையில் நின்றதால் மாமிக்குக் கால் உளைகிறதாக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் இருந்து, காலைப் பிடித்துவிட்டேன்.