சுவர் விழுந்த அண்டு வாழைப்பழம்

பெர்லின் சுவரை உடைச்ச ஆக்களிலை நானும் ஒராள். சும்மா சொன்னனான். அப்ப எனக்கு எட்டு வயசு, வாழைப்பழத்துக்கு லைனிலை நிண்டனான். பள்ளிக்கூடம் ஒழுங்காப் போகாத எனக்குத் தெரிஞ்ச ஐரோப்பிய சரித்திரம் அவ்வளவுதான். இப்ப லண்டன் ஈஸ்ட் ஹாமிலை வேலை செய்யிற கடையிலை பழப்பெட்டியைத் திறக்கிற நேரமெல்லாம் அந்த மணத்தோடை கோவமும் வருது.

சுவருக்கு அங்காலையிருந்து வந்த சனத்துக்கு ஒரு வெள்ளைக்காரி சிரிச்சுச் சிரிச்சுப் பழம் குடுத்தவ. அப்பாவும் தன்ரை ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். அவ பழத்தைப் பின்னுக்கு இழுத்திட்டா.

"நாங்களும் அங்காலையிருந்துதான் வந்தனாங்கள்," எண்டார் அப்பா.

உண்மைதான். இலங்கையிலையிருந்து வந்து கிழக்கு பெர்லினிலை பிளேனாலை இறங்கித்தான் மேற்குக்கு அகதியா வந்தனாங்கள். அவையளுக்குப் பூச்செண்டு, எங்களுக்கு முகாம். நான் எட்டி ஒரு பழத்தைப் பறிச்சன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து...

"அண்ணை, கதை சொன்னது காணும், வேலையைப் பாருங்கோ," எண்டு முதலாளி கூப்பிடுறார். "இஞ்சை ஒரு வெள்ளைக்காரி வாழைப்பழம் கேட்டு நிக்கிறா."